புரட்டாதியில் நாலு வயதுப் பெட்டைக் குதிரையைக் கல்குடா மணலில் ஓட்டலாமா?

வாழைச்சேனை வாசி:
வணக்கம். எங்களிடம் ஒரு பெட்டைக் குதிரை நிற்கிறது, செம்மண் நிறம், நெற்றியில் சின்ன வெள்ளைப் பொட்டு. இரண்டு வயதில் மாமா நுவரெலியாப் பக்கமிருந்து வாங்கி வந்தவர், இப்போது நாலு நடக்கிறது. ஒரு வருஷமாக நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டித்தான் பழக்கினோம். சேணம் போட்டால் அசையாமல் நிற்பாள், விசிலடித்தால் வேலியடிக்கு வந்து என் தோளில் மூக்கை வைத்து ஊதுவாள். ஆடி மாதம் முதல்முறையாக ஏறினேன், பத்து நிமிஷம் நடந்தாள், ஒரு துள்ளல்கூட இல்லை. நடை அவ்வளவு நீளம், தோளிலிருந்து அப்படியே தண்ணீர்போல வருகிறது. இவள் நல்லா வருவாள் என்று எனக்கு நம்பிக்கை.

கச்சான் என்கிற தென்மேல் காற்று அடிக்கும் மட்டும் அந்தச் சூட்டில் வெளியே எடுக்க மனம் வரவில்லை. புரட்டாதியில் காற்று விழுந்துவிடும், ஐப்பசி நடுவில் மழை பிடித்துவிடும், இடையில் கிடைக்கிற ஒன்றரை மாதத்துக்குத்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். காலையில் கல்குடாக் கடற்கரையில் ஓடவிடலாமா? என் எடை 58 கிலோ, சேணம் 7. சாப்பாடு புல், வைக்கல், கொள்ளு, அப்புறம் பக்கத்தில் நெல் ஆலை இருப்பதால் தவிடு தாராளம்.

அக்கரைப்பற்றுச் சவாரி:
தம்பி, வாசிக்கவே சந்தோஷமாக இருக்கு. முதலில் அவளின் எடையைப் பாருங்கள். தையல் டேப்பை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அளவெடுங்கள், பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். ஏறுகிற ஆளும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது பொதுக் கணக்கு, இளசுக்கு அதிலும் குறைவு நல்லது. குதிரைக்கு முதுகெலும்பு முற்ற ஐந்தரை வயதாகும், கால் எலும்பு அதுக்கு முந்தியே முற்றிவிடுவதால் பார்க்கப் பெரிய குதிரைபோலத்தான் தெரியும்.

மணல் விஷயம். காய்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓடினால் முன்னங்கால் பின்பக்கத் தசைநாண் இழுபடும், ஒருமுறை வீங்கினால் மாதக்கணக்கில் நிற்கவேண்டியதுதான். அலை நனைத்த இறுக்கமான மணலில் மட்டும் நடத்துங்கள். எங்கட கடலில் வற்றுப்பெருக்கு குறைவு, அந்த ஈரப் பட்டை ஒடுக்கம், சரிவும் இருக்கும், அதனால் போன பக்கமே திரும்பி வாருங்கள், இரண்டு பக்கக் காலுக்கும் பாரம் சமனாகும். முதல் மூன்று கிழமை நடை மட்டும், இருபது நிமிஷம். பாய்ச்சல் அடுத்த வருஷம்.

முடிந்ததும் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பாருங்கள். சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரை இருக்கும், வேலை முடிந்து பத்து நிமிஷத்தில் 60க்குக் கீழே வரவில்லையென்றால் அன்றைக்குக் கூடிப்போச்சு.

கொக்கட்டிச்சோலை அக்கா:
தம்பி, அந்தத் தவிட்டைக் குறையுங்கோ. தவிட்டில் பொஸ்பரஸ் மிகக் கூட, கல்சியம் குறைவு, நாளாக நாளாக உடம்பு எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கும், மறுகா முகத்து எலும்பு வீங்கிக் கால் நொண்டும். வளர்கிற குதிரைக்கு இது பெரிய கேடு. புல்லும் வைக்கலும் மணல் தரையில் கொட்டாதேங்கோ, தொட்டியில் போடுங்கோ. மணல் வயிற்றில் சேர்ந்தால் வயிற்றுக்குத்து வரும், குதிரைக்கு வாந்தி எடுக்கவும் ஏலாது. வியர்வையில் உப்பு நிறையப் போகும், ஒரு உப்புக் கட்டி கட்டிவிடுங்கோ. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாச்சா? ஒரு ஆணி குத்தினாலே ஆபத்து, மிருக வைத்தியரிடம் இப்பவே கேளுங்கோ.

வாழைச்சேனை வாசி:
அண்ணன், அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. இப்பதான் அளந்தேன், சுற்றளவு 154, நீளம் 150, கணக்குப் பார்த்தால் 300 கிலோ. நானும் சேணமும் 65, கூடத்தான். தங்கச்சி 44 கிலோ, சேணத்தோடு 51, இந்த வருஷம் அவளே ஏறட்டும், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறேன். சொன்னதும் ஓடிப்போய்க் கொட்டிலில் சேணத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசி இன்னும் போடவில்லை அக்கா, திங்கட்கிழமை வைத்தியரிடம் போகிறேன்.