16 செல் எல்எஃப்பி பேக்குக்கு பிஎம்எஸ் வயரிங்: எது முதலில், எது கடைசியில்?

சோலார்கூரை:

வணக்கம். வீட்டு சோலாருக்கு 51.2 வோல்ட் பேக் ஒன்று தயாராகிறது. 280 ஏஹெச் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பிரிஸ்மாட்டிக் (பெட்டி வடிவ) செல் 16, எட்டு எட்டாக இரண்டு வரிசை. வரிசைகளுக்கு நடுவே 40 செ.மீ. கேபிள் ஒன்று, 35 ஸ்கொயர் எம்எம். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துத் தேவைப்பட்டால் துண்டிக்கும் போர்டு) 150 ஆம்பியர், காமன் போர்ட் (சார்ஜுக்கும் லோடுக்கும் ஒரே வழி), உள்ளேயே 1 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் (செல்லுக்குச் செல் சார்ஜை மாற்றிச் சமப்படுத்துவது). இன்வெர்ட்டர் 5 கேவிஏ, 48 வோல்ட். பழைய எம்பிபிடி (சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்) ஒன்றும் தனியாக இதே பேட்டரியில்தான் சேரும். இதுவரை நாலு ட்யூபுலர் (லெட் ஆசிட்) பேட்டரி ஓடிய இடம்.

பேரலலில் டாப் பேலன்ஸ் (எல்லா செல்லையும் ஒரே முழு சார்ஜுக்குக் கொண்டுவருவது) முடிந்து பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) போட்டாச்சு. பிஎம்எஸ்ஸை இன்னும் தொடவில்லை. கேட்க வேண்டியவை: 17 சென்ஸ் வயரையும் (செல் வோல்டேஜ் படிக்கும் மெல்லிய வயர்) இரண்டு தடி வயரையும் எந்த வரிசையில் இணைப்பது? எம்பிபிடியின் நெகட்டிவ் எங்கே போக வேண்டும்? ட்யூபுலர் செட்டிங்கிலேயே இன்வெர்ட்டரை விட்டால் ஓடும் என்கிறார் கடைக்காரர், உண்மையா? ஃபியூஸ் என்ன போடலாம்?

மல்டிமீட்டர்:

வயரிங் வரிசையை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

பிஎம்எஸ்ஸில் இரண்டு தடி வயர் இருக்கும். செல் பக்கம் போவதைப் பேட்டரி மைனஸ் என்றும், இன்வெர்ட்டர் பக்கம் போவதை லோடு மைனஸ் என்றும் வைத்துக்கொள்வோம். நிறத்தை நம்ப வேண்டாம், போர்டில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். மாஸ்ஃபெட் (கரண்டைத் துண்டிக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

முதலில் பேட்டரி மைனஸை ஒன்றாம் செல்லின் (பேக்கின் மைனஸ் முனையில் உள்ள செல்) நெகட்டிவில் முறுக்குங்கள். சென்ஸ் கனெக்டரை பிஎம்எஸ்ஸில் செருகாமல், வயர்களை மட்டும் செல்களில் மாட்டுங்கள்: கறுப்பு வயர் ஒன்றாம் செல் நெகட்டிவில், அடுத்தது ஒன்றாம் செல் பாசிட்டிவில், அதற்கடுத்தது இரண்டாம் செல் பாசிட்டிவில், இப்படியே 16 வரை. கனெக்டர் கடைசியாகத்தான் பிஎம்எஸ்ஸுக்குள் போக வேண்டும். கழற்றும்போது இது அப்படியே தலைகீழ்: கனெக்டர் முதலில், பேட்டரி மைனஸ் கடைசியில். காரணம், கறுப்பு சென்ஸ் வயரும் பேட்டரி மைனஸும் போர்டுக்குள் ஒன்றுதான். பேட்டரி மைனஸ் இல்லாமலோ லூஸாகவோ இருந்தால் லோடு கரண்ட் முழுவதும் அந்த மெல்லிய கறுப்பு வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். வயர் எரியும், கூடவே போர்டின் ட்ராக்கும் போகும்.

செருகும் முன் கனெக்டர் பின் (pin) செக்கிங். இதைத் தாவினால்தான் அதிகமான போர்டுகள் போகின்றன. மீட்டரின் கறுப்பு புரோபைக் கறுப்பு வயர் பின்னில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு பின்னாக நகர்த்துங்கள். 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏறிக் கடைசிப் பின்னில் 53 பக்கம் வர வேண்டும். அடுத்து பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு இடையே பாருங்கள், ஒவ்வொன்றும் பிளஸ் 3.3 காட்ட வேண்டும். ஒன்றும் இரண்டும் இடம் மாறியிருந்தால் 6.6, மைனஸ் 3.3, மீண்டும் 6.6 என்று வரும். அந்த நிலையில் செருகினால் செல் வோல்டேஜ் படிக்கும் சிப் அந்த நொடியே போய்விடும். புரோபின் முனை தடிமனாக இருந்தால் இரண்டு பின்னை ஒன்றாகத் தொட்டுவிடும், அதனால் கனெக்டரின் பின்புறத்திலிருந்து மெல்லிய ஊசி முனையால் தொடுங்கள்.

மீட்டர் கரண்ட் எடுக்காது. அரைகுறையாகக் கிரிம்ப் செய்த (லக்கில் அழுத்திப் பொருத்திய) வயரும் அதில் சரியாகவே காட்டும். ஒவ்வொரு ரிங் லக்கையும் (வயர் முனையில் உள்ள வளையத் தகடு) கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். சில பிஎம்எஸ் ஆப்பில் ஒவ்வொரு சென்ஸ் வயரின் ரெசிஸ்டன்ஸும் தெரியும். 16-ல் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாக இருந்தால் அந்த லக்கை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்.

இன்னொன்று, செல் டெர்மினலின் மேல் நேரடியாக உட்கார வேண்டியது பஸ்பார். அதன் மேல் சென்ஸ் ரிங் லக், அதன் மேல் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட். ரிங் லக்கை பஸ்பாருக்கும் டெர்மினலுக்கும் நடுவே வைத்தால் 100 ஆம்பியரும் அந்தச் சின்னத் தகடு வழியாக ஓடிச் சூடாகும். டெர்மினல் அலுமினியம் என்பதால் மேலே ஆக்சைடு படிந்திருக்கும். நைஸ் எமரியால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே பஸ்பாரை வையுங்கள். எம்6 ஸ்டட் உள்ள பெரும்பாலான செல்களுக்கு 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், உங்கள் செல்லின் டேட்டாஷீட்டில் உள்ளதே இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை பலத்தில் இறுக்கினால் அலுமினியத்தில் ஸ்டட் மரை கழன்றுவிடும்.

ஸ்பேனருக்கு கைப்பிடி முழுக்க டேப் சுற்றுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள்.

டிசிபஸ்:

எம்பிபிடி நெகட்டிவ் லோடு மைனஸில்தான் சேர வேண்டும், நேராகச் செல் நெகட்டிவில் கூடவே கூடாது. ட்யூபுலரில் எல்லாவற்றையும் பேட்டரி டெர்மினலிலேயே கட்டிப் பழகியிருப்போம், அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து. நேராகக் கட்டினால் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்தினாலும் எம்பிபிடி ஏற்றிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர், எம்பிபிடி, டிசி லைட், சின்ன வோல்ட்மீட்டர் வரை எல்லா நெகட்டிவும் லோடு மைனஸ் பஸ்பாருக்கு. ஒரு மீட்டர் மட்டும் செல் பக்கம் இருந்தாலும், பிஎம்எஸ் கட் ஆன பிறகு மாதக்கணக்கில் செல்லை உறிஞ்சும்.

ட்யூபுலர் செட்டிங் வேண்டாம். அதில் பூஸ்ட் (முழு சார்ஜ் வோல்டேஜ்) 57.6 வோல்ட், செல்லுக்குச் சராசரி 3.60. சராசரி 3.60 என்றால் ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தொட்டுவிடும், பிஎம்எஸ் சட்டென்று கட் பண்ணும். முழு வெயிலில் 60 ஆம்பியர் போய்க்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென்று விலகினால், சார்ஜர் பக்கம் வோல்டேஜ் துள்ளும். இன்வெர்ட்டரின் டிசி கெப்பாசிட்டரும் மாஸ்ஃபெட்டும் அந்த அடியைத் தாங்க வேண்டியிருக்கும். ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட்டுக்கான கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) ஓடினால் இன்னும் மோசம், 62 வோல்ட் வரை போகலாம்.

யூசர் மோடில் இப்படி வையுங்கள். பூஸ்ட் 56.0, ஃப்ளோட் (நிறைந்த பிறகு நிலைநிறுத்தும் வோல்டேஜ்) 54.0, லோ கட் ஆஃப் 48.0, ஈக்வலைசேஷன் ஆஃப், டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (வெப்பத்துக்கேற்ப வோல்டேஜை மாற்றுவது) பூஜ்யம். எம்பிபிடியிலும் இதே எண்கள். பிஎம்எஸ்ஸில் செல் ஓவர் வோல்டேஜ் 3.65, திரும்ப 3.45. அண்டர் வோல்டேஜ் 2.70, திரும்ப 3.00. தினசரி நிறுத்த வேண்டியது இன்வெர்ட்டர். பிஎம்எஸ் குறுக்கிட வேண்டியது இன்வெர்ட்டர் தவறும்போது மட்டும்.

லோ கட் ஆஃபை ஏன் 48-லேயே நிறுத்துகிறோம் என்றால், பிஎம்எஸ் அண்டர் வோல்டேஜில் மூடிவிட்டால் இன்வெர்ட்டருக்கு பேட்டரியே தெரியாது. பல இன்வெர்ட்டர்கள் பேட்டரி வோல்டேஜ் தெரியாமல் சார்ஜ் தொடங்காது. சார்ஜ் வராமல் பிஎம்எஸ் திறக்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். அப்போது பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து, தனி எல்எஃப்பி சார்ஜரை லோடு மைனஸில் கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

இன்வெர்ட்டரை முதல்முறை இணைக்கும்போது ப்ரீசார்ஜ் செய்யுங்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டர் காலியாக இருந்தால் பிஎம்எஸ் அதை ஷார்ட் என்றே நினைத்து ட்ரிப் ஆகும். 30 ஓம், 25 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டரை பாசிட்டிவ் கேபிளுக்கும் இன்வெர்ட்டர் டெர்மினலுக்கும் நடுவே பிடித்தால், தொடக்கக் கரண்ட் 2 ஆம்பியருக்குள் அடங்கும். கெப்பாசிட்டர் மொத்தம் 10,000 மைக்ரோஃபேரட் என்று வைத்தால் டைம் கான்ஸ்டன்ட் (நிறையும் வேகத்தின் அளவு) 0.3 நொடி. மூன்று நொடி பிடித்தால் தாராளம். இன்வெர்ட்டர் சுவிட்ச் ஆஃபில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது இழுக்கும் கரண்டால் கெப்பாசிட்டர் நிறையாது. ரெசிஸ்டரை எடுத்த கையோடு கேபிளை மாட்டிவிடுங்கள். பேட்டரி சேர்ந்த பிறகுதான் பேனல் சுவிட்ச் ஆன்.

காப்பர்லக்:

ஃபியூஸ் பற்றி. 5,000 வாட்டை 44 வோல்ட்டில், 90 சதவீத எஃபிஷியன்சியில் கணக்குப் போட்டால் 126 ஆம்பியர் வரும். கேபிள் 50 ஸ்கொயர் எம்எம், ஃபியூஸ் 175 ஆம்பியர் கிளாஸ் டி (Class T). செல் பாசிட்டிவிலிருந்து முடிந்தவரை கிட்டே, எல்லாக் கிளைகளுக்கும் முன்னால்.

ஏன் கிளாஸ் டி? இந்த செல் ஒன்றின் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.2 மில்லி ஓம். 16 செல், பஸ்பார், கேபிள் எல்லாம் சேர்ந்து 5 மில்லி ஓம் என்றாலும் ஷார்ட் ஆனால் 10,000 ஆம்பியர் பக்கம் ஓடும். கார் ஆடியோவுக்கு விற்கும் ஃபியூஸ் உருகும், ஆனால் ஆர்க் அணையாமல் அதன் உள்ளேயே எரியும். கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை அறுக்கும்.

எம்சிபியை (தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் சுவிட்ச்) பார்த்து வாங்குங்கள். ஏசி எம்சிபி டிசிக்கு ஆகாது. டிசி எம்சிபியிலும் பிளஸ், மைனஸ் குறியிட்ட போலரைஸ்டு வகை பேட்டரி லைனுக்கு ஆகாது. சார்ஜ் ஆகும்போது ஒரு பக்கம், டிஸ்சார்ஜில் எதிர்ப் பக்கம் என்று கரண்ட் திரும்புகிறது. தவறான திசையில் திறந்தால் உள்ளே இருக்கும் காந்தம் ஆர்க்கை அணைக்கும் அறைக்குத் தள்ளாமல் எதிர்ப் பக்கம் தள்ளும், எம்சிபி எரிந்துவிடும். நான் போலரைஸ்டு என்று கேட்டு வாங்குங்கள்.

பிஎம்எஸ்ஸையும் இன்வெர்ட்டரையும் ஆர்எஸ்485 டேட்டா கேபிளில் பேசவிடப் போகிறீர்கள் என்றால் ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் (மின்தொடர்பு இல்லாமல் டேட்டாவை மட்டும் கடத்துவது) கட்டாயம். பிஎம்எஸ் போர்ட்டின் கிரவுண்டு பேட்டரி மைனஸ், இன்வெர்ட்டரின் கிரவுண்டு லோடு மைனஸ். மாஸ்ஃபெட் ஆஃப் ஆனதும் இரண்டுக்கும் நடுவே பேட்டரி வோல்டேஜ் அளவுக்கு வித்தியாசம் வந்து, கரண்ட் டேட்டா கேபிள் வழியாகப் பாயும். லேப்டாப் யூஎஸ்பிக்கும் இதே எச்சரிக்கைதான்.

செல்களுக்கு நடுவே எஃப்ஆர்4 (ஃபைபர் இன்சுலேட்டர்) தகடு வைத்திருக்கிறீர்களா? அலுமினியக் கேஸ் பாசிட்டிவ் பக்கத்தோடு தொடர்புள்ளது. நீல உறை கிழிந்தால் பக்கத்து செல்லோடு ஷார்ட்.

சோலார்கூரை:

மிக்க நன்றி. எஃப்ஆர்4 தகடு இருக்கிறது. மெயின் கேபிள் 50 எம்எம் ஆக்கி, சொன்ன வரிசைப்படி இணைத்தாச்சு. பின் செக்கிங் சரி, ப்ரீசார்ஜ் செய்ததால் ட்ரிப் இல்லை. ஒரே சிக்கல், 80 ஆம்பியர் லோடில் 9-ஆம் செல் மட்டும் மற்ற செல்களைவிட 60 மில்லி வோல்ட் குறைவாகக் காட்டுகிறது. சார்ஜில் அதே செல் அதிகமாகக் காட்டுகிறது. லோடு இல்லையென்றால் எல்லாம் ஒன்றுபோல. செல்லை மாற்ற வேண்டுமா? பேலன்சர் அதிலேயே மும்முரமாக ஓடுகிறது.

மல்டிமீட்டர்:

செல் மேல் சந்தேகம் வேண்டாம். இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள கேபிள்தான். 8-ஆம் சென்ஸ் வயர் 8-ஆம் செல்லின் பாசிட்டிவில் இருக்கும். அதனால் கேபிளில் விழும் வோல்டேஜ் முழுவதும் 9-ஆம் செல்லின் கணக்கில் சேர்கிறது. டிஸ்சார்ஜில் குறைவு, சார்ஜில் அதிகம், சும்மா இருக்கும்போது சமம் என்பது இதன் முத்திரை.

எண்ணைப் பாருங்கள். 60 மில்லி வோல்ட்டை 80 ஆம்பியரால் வகுத்தால் 0.75 மில்லி ஓம். 35 எம்எம் காப்பர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.55 மில்லி ஓம், 40 செ.மீ.க்கு 0.22. மீதி அரை மில்லி ஓமுக்கு மேல் லக்கிலோ கிரிம்பிலோ நட்டிலோ இருக்கிறது. அது வெறும் ரீடிங் பிரச்சினை இல்லை, 80 ஆம்பியரில் மூன்று வாட்டுக்கு மேல் ஒரே புள்ளியில் சூடாகிறது.

லோடு ஓடும்போதே மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து, துண்டு துண்டாக அளந்து பாருங்கள்: 8-ஆம் ஸ்டடிலிருந்து லக்கின் தட்டை வரை, தட்டையிலிருந்து கேபிளின் செம்பு வரை, மறுமுனையிலும் அப்படியே. செம்பைத் தொட இன்சுலேஷனில் மெல்லிய ஊசி குத்தினால் போதும். எந்தத் துண்டில் 20 மில்லி வோல்ட்டுக்கு மேல் தெரிகிறதோ அங்கேதான் கோளாறு. தட்டைக்கும் ஸ்டடுக்கும் நடுவே என்றால் கழற்றித் தேய்த்து மறுபடி முறுக்கலாம். கிரிம்ப் என்றால் சுத்தியலால் தட்டிய லக்காக இருக்கும், ஹைட்ராலிக் கிரிம்பரில் புது லக் போடுங்கள். எப்படியும் அந்த இணைப்பையும் 50 எம்எம் ஆக்கி, நீளத்தை முடிந்தவரை குறையுங்கள். நட்டைத் தொடும் முன் இன்வெர்ட்டர் ஆஃப், சென்ஸ் கனெக்டரை உருவிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கனெக்டர் உள்ளே இருக்கும்போது அந்த இணைப்பு திறந்தால் பேக்கின் வோல்டேஜ் சென்ஸ் வயர்கள் மேல் விழும்.

சரிசெய்யும் வரை பேலன்சரை ஆஃப் செய்யுங்கள். பொய் ரீடிங்கை நம்பி அது சார்ஜில் 9-ஆம் செல்லிலிருந்து எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கிறது. சில நாளில் நீங்கள் செய்த டாப் பேலன்ஸ் கலைந்து, 9-ஆம் செல் உண்மையாகவே பின்தங்கிவிடும். சரியான பிறகும் பேலன்ஸ் தொடங்கும் வோல்டேஜை 3.42-க்குக் கீழே இறக்க வேண்டாம். எல்எஃப்பி 3.3 பக்கம் தட்டையாக ஓடும், அங்கே 10 மில்லி வோல்ட் வித்தியாசம் எதையும் சொல்லாது. 3.42-க்கு மேல், பூஸ்ட் வோல்டேஜை நெருங்கிச் சார்ஜ் கரண்ட் இறங்கும்போது கேபிள் ட்ராப்பும் அதோடு குறையும், அங்கே வரும் ரீடிங்தான் செல்லின் உண்மை நிலை.