மூடுபனியில் நின்றுபோகும் பழைய கார்: மலையில் ஓட்டுபவர்களின் அனுபவம்

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 1098 சிசி மோரிஸ் மைனர். கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கி மேலே கொண்டுவந்தேன். முதல் கார்த்திகை மாதமே வண்டி என்னைப் படுத்திவிட்டது.

காலை ஆறரைக்கு ஊட்டிக்குக் கிளம்பினால் அருவங்காடு வரை அருமையாக ஓடும். கேத்திப் பக்கம் மூடுபனிக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் இழுவை குறையும், மிஸ்ஸிங் அடிக்கும், லவ்டேல் வருவதற்குள் ஆஃப். ஓரம்கட்டி, பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டுச் சாவி போட்டால் ஒரே அடியில் ஸ்டார்ட். எதைச் சரிசெய்தேன் என்று எனக்கே தெரியாது. மெக்கானிக் பம்பை மாற்றினார், அப்புறம் தீப்பொறிக்கான காயில், அப்புறம் கண்டென்சர். ஏர்லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு பம்பின் மேல் ஈரத்துணியும் போட்டேன். கல்லாறு, பர்லியார் ஏற்றத்தில் வெயில் நேரத்துக்கு அது சரி. கேத்திக் குளிரில் அதனால் என்ன பயன்?

ஒருநாள் வண்டி நின்ற உடனே வேறு எதையும் தொடாமல், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் கை வைத்தேன். பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கார்புரேட்டர் வாய்க்குள் ஃப்ரீசர் சுவர்போல வெள்ளை படிந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். இன்ஜின் சூட்டில் பத்து நிமிடத்தில் எல்லாம் உருகி நாலு சொட்டுத் தண்ணீர்தான் மிச்சம். இத்தனை நாளும் நான் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பனி தானாக உருகியிருக்கிறது.

கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்கும் அல்லவா, அதேதான். ஆவியாகும் பெட்ரோல் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே போகும் காற்றின் சூடு 20 டிகிரி வரைகூடக் குறைந்துவிடும். வெளியே 8 டிகிரி என்றால் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே. காற்றில் உள்ள ஈரம் அங்கேயே உறைகிறது. அதனால்தான் தை மாதத்தில் புல்லெல்லாம் வெளுத்துக்கிடக்கும் உறைபனிக் காலையில் என் வண்டி நிற்பதே இல்லை. அந்தக் காற்றில் ஈரம் குறைவு. நீர்ப்பனியும் மூடுபனியும்தான் எதிரி.

மருந்து வண்டியிலேயே இருந்தது. மைனரின் ஏர் ஃபில்டர் மூக்கை, அதாவது காற்றை இழுக்கும் குழாயை, இரண்டு விதமாகத் திருப்பி வைக்கலாம். குளிர்காலத்தில், இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் வைத்தால் சூடான காற்றை இழுக்கும். என் வண்டியில் அது கோடைக்கான இடத்திலேயே வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது. இன்னொன்று தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு. கீழே சமவெளியில் இன்ஜின் சூடேறுகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மலையில் அது இல்லாமல் இன்ஜின் சூடாவதே இல்லை. 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கிப் போட்டேன். மூக்கையும் திருப்பிய பிறகு கேத்தியில் ஒருமுறைகூட நிற்கவில்லை. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது இன்னும் முக்கியம். ஆவியாகும்போது எத்தனால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுக்கும்.

●

சார், நான் கொடைக்கானல். என்னுடையது பழைய அம்பாசிடர். எனக்கு நடந்தது வேறு மாதிரி. மழையும் பனியுமான ஒரு காலையில் பெருமாள்மலைக்கு இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கிக்கொண்டிருந்தேன். திரும்ப மிதித்தபோது பெடல் இறுக்கமாக இருந்தது. அழுத்தினேன், வெடுக்கென்று திறந்தது. காலை எடுத்தும் இன்ஜின் அடங்கவில்லை, முன்னால் வளைவு. கிளட்சை மிதித்துச் சாவியை ஆஃப் செய்து பிரேக் பிடித்தேன். என் வண்டியில் இன்ஜின் உறிஞ்சும் விசையால் பிரேக்குக்குக் கைகொடுக்கும் பூஸ்டர் இல்லாததால் இன்ஜின் நின்றும் பிரேக் வழக்கம்போலவே பிடித்தது. ஸ்டியரிங் லாக் உள்ள வண்டி என்றால் சாவியை ஆஃப் வரைதான் திருப்ப வேண்டும், உருவவே கூடாது.

பெடலை மிதித்தால் கார்புரேட்டரில் திறக்கும் தகடான பட்டர்ஃப்ளையின் ஓரத்தில் பனி பிடித்திருக்க வேண்டும். ஆனால் பழியை அதன்மேல் மட்டும் போட மாட்டேன். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது, கம்பி மூட்டுகளில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. எல்லாவற்றையும் கழுவி, கிரீசுக்குப் பதில் மெல்லிய எண்ணெய் விட்டு, புது ஸ்பிரிங்கோடு துணைக்கு இன்னொன்றும் மாட்டினேன். இப்போது மாதம் ஒருமுறை இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு மகன் பெடலை மிதிக்க, நான் பானெட்டுக்குள் பார்க்கிறேன். முழுக்கத் திறக்க வேண்டும், விட்டதும் டப் என்று மூட வேண்டும்.

●

தம்பி, குன்னூர்க்காரன்தான் மறுபடி எழுதுகிறேன். நல்லவேளை! நீங்கள் சொன்னதைப் படித்ததும் போய் என் ஆக்சிலரேட்டர் கேபிளைப் பார்த்தேன். பெடல் முனையில் இரண்டு இழை அறுந்து உறைக்குள் உரசிக்கொண்டிருந்தது. நாளைக்கே மாற்றுகிறேன். ஏர் ஃபில்டர் மூக்கை நான் ஐப்பசியில் மேனிஃபோல்டு பக்கம் திருப்பி, பங்குனியில் பழையபடி வைத்துவிடுவேன். கோடையிலும் சூடான காற்றையே இழுத்தால் பர்லியார் ஏற்றத்தில் இழுவை குறைகிறது.