மறு: ‘ஒத்தெல் பார்த்திகுலியே’வுக்குத் தமிழ்ச்சொல்: தனிமாளிகையா, நகர்மனையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சுப் பெருங்குடியினர் நகரத்தில் வாழ்ந்த பெரிய வீடுதான் ‘ஒத்தெல் பார்த்திகுலியே’ (சுருக்கமாக ‘ஒத்தெல்’; தங்கும் விடுதி அல்ல). அதற்கும் அதன் உறுப்புகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த ஒரு கருத்துக்கு என் மறுமொழி இது.

> ‘பார்த்திகுலியே’ என்றால் தனியாருக்குரியது. ‘தனிமாளிகை’ என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிமையாகவும் இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் ‘தனி’ என்றதும் நாலு பக்கமும் இடம்விட்டு நிற்கும் கட்டடம்தான் மனத்தில் வருகிறது. பாரிசின் மாரே பகுதியில் உள்ள பழைய ஒத்தெல்கள் பலவும் பக்கத்துச் சுவர்களோடு ஒட்டி நிற்பவை. ‘மாளிகை’யும் ரிப்பன் மாளிகை, ஆளுநர் மாளிகை என்று அரசுக் கட்டடங்களோடு நெருங்கிவிட்டது. நாம் தேடுவது ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கான சொல்.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் படிநிலை பார்த்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் வந்த திதெரோவின் கலைக்களஞ்சியம் சாதாரண நகரவாசியின் வீட்டை ‘மேசோன்’ என்றும், பெருங்குடியினர் வீட்டை ‘ஒத்தெல்’ என்றும், மன்னர், இளவரசர் இருப்பிடத்தைப் ‘பலே’ என்றும் பிரிக்கிறது. முதலாவதற்கு வீடு இருக்கிறது, மூன்றாவதற்கு அரண்மனை இருக்கிறது. நடுவில் உள்ளதற்குத்தான் சொல் இல்லை. அதே பெருங்குடியினருக்கு நாட்டுப்புறத்தில் ‘ஷாத்தோ’ என்ற பெருவீடு ஒன்று இருக்கும். நகரத்தில் தங்குவதற்கு இந்த ஒத்தெல். நகரத்தில் இருப்பதே இதன் அடையாளம் என்பதால் ‘நகர்மனை’ என்கிறேன். மனை என்றால் இன்று காலி நிலம்தானே என்று கேட்பீர்கள். அரண்மனையிலும் மருத்துவமனையிலும் யாரும் காலி நிலத்தைத் தேடுவதில்லை. கூட்டுச்சொல்லில் பழைய பொருள் உயிரோடுதான் இருக்கிறது.

வீட்டின் அமைப்பை வைத்துப் பெயரிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஒத்தெல் த சுல்லியைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். சேந்த்-அந்துவான் தெருவில் வாயில், பிறகு முற்றம், அதன் பின்னே முதன்மைக் கட்டடம், அதற்கும் பின்னே தோட்டம், தோட்டத்தின் கோடியில் ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் காப்பதற்கான கூடம். நான்காம் ஆன்றியின் அமைச்சராக இருந்த சுல்லி 1634-இல் வாங்கிய வீடு இது. ஆனால் ஒத்தெல் த பொவேயில் கட்டடக்கலைஞர் அந்துவான் லெ பொத்ருக்குக் கிடைத்தது கோணல்மாணலான நிலம். அங்கே முதன்மைக் கட்டடமே தெருவை ஒட்டி நிற்கிறது, கீழே கடைகள். அதுவும் ஒத்தெல்தான்.

அப்புறம் உறுப்புகள். ‘கூர் தொனேர்’ என்பதை ‘மரியாதை முற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் முற்றம் வீட்டுக்கு உள்ளே இருப்பது. இதுவோ வீட்டுக்கு முன்னே, வண்டி வந்து திரும்பும் இடம். இல்லத்தின் முன்பகுதிக்குச் சங்க காலத்திலிருந்தே ‘முன்றில்’ இருக்கும்போது வேறு எதற்கு? வண்டி நுழையும் பெருவாயிலுக்கு ‘வண்டிவாயில்’, அதன் கதவில் ஆள் நுழையும் சிறு கதவு இருந்தால் ‘திட்டிவாசல்’. இவற்றில் சிக்கல் இல்லை.

சிக்கல் அறைகளில்தான். ‘ஆந்திஷாம்ப்ர்’ என்பதற்குக் ‘காத்திருப்பறை’ போதாது. உணவுக்கென்று தனி அறை பரவலானது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் இந்த அறையில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். காத்திருக்கவும் சாப்பிடவும் பயன்பட்ட அறைக்கு, இடத்தை மட்டும் சொல்லும் ‘முன்னறை’ போதும்.

அடுத்தது ‘ஷாம்ப்ர்’. இதைப் படுக்கையறை என்றால் வாசகர் முற்றிலும் தவறாகப் புரிந்துகொள்வார். 17ஆம் நூற்றாண்டில் ரம்புய்யே சீமாட்டி இலக்கியவாதிகளை வரவேற்றது கட்டில் போட்ட நீல அறையில்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட இடத்தில் விருந்தினர் உட்கார்ந்தார்கள். படுக்கை இருந்தும் சபையாக இயங்கிய அறை அது. நான் முன்வைப்பது ‘பள்ளியறை’. நம் கோயில்களில் சுவாமியைச் சிறப்போடு பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். அந்தச் சடங்குத் தன்மை இங்கேயும் பொருந்துகிறது. பள்ளிக்கூட வகுப்பறை நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்காக ‘படுக்கையறை’க்குத் திரும்புவதை என்னால் ஏற்க முடியாது. பள்ளியறையைத் தாண்டி, மிக நெருங்கியவர்களை மட்டும் அனுமதித்த ‘கபினே’வுக்கு ‘உள்ளறை’. துணிமணி வைத்து, பணியாள் படுத்து, மலப்பெட்டியும் இருந்த ‘கார்த்-ரோப்’புக்கு ‘உடுப்பறை’.

இவை சேர்ந்து ஒருவருக்குரிய ‘அபார்த்மோன்’ ஆகும். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. சுபீஸ் ஒத்தெலில் கட்டடக்கலைஞர் பொஃப்ரான் 1730களில் அமைத்த நீள்வட்டக் கூடங்களில் கீழே இருப்பது இளவரசருக்கு, மேலே இருப்பது இளவரசிக்கு. எனவே இங்கே ‘அடுக்ககம்’ வேண்டவே வேண்டாம், ‘அறைத்தொகுதி’ போதும்.

கடைசியாக ‘ஆன்ஃபிலாத்’. அடுத்தடுத்த அறைகளின் கதவுகளை ஒரே நேர்கோட்டில் வைப்பது. நம் ஊர் வீட்டிலும் வாசலில் நின்றால் கொல்லை தெரியும். ஆனால் அந்தக் கோடு தெருவிலிருந்து உள்ளே போகிறது. ஆன்ஃபிலாத் பெரும்பாலும் முகப்புக்கு இணையாக, சன்னல் ஓரமாக ஓடும். கதவுகளைத் திறந்துவிட்டால் அறைத்தொகுதியின் நீளம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். ‘அறைவரிசை’ என்ற முன்மொழிவு இந்த நேர்கோட்டைச் சொல்லவில்லை. ‘வாயில்நிரை’ எப்படி?

இரண்டு தளங்களுக்கு நடுவே உயரம் குறைவாக வரும் ‘ஆந்த்ரெசோல்’ மட்டும் பாக்கி. ‘இடைத்தளம்’ போதும் என்று நினைக்கிறேன். கட்டுமானத் துறையில் இருப்பவர்கள் இச்சொல்லை வேறு எதற்காவது பயன்படுத்துகிறார்களா என்று தெரிவித்தால், பட்டியலை இறுதி செய்துவிடலாம்.

அன்புடன்