சமுதாய வானொலிக்கு 50 வாட்டா, 100 வாட்டா?

கம்பத்தடி:
"தொண்டு நிறுவனம் சமுதாய வானொலி தொடங்கணும்னா 100 வாட் டிரான்ஸ்மிட்டர் வாங்குங்க, விதியே 100 வாட்தான்" என்று ஒலிபெருக்கி அண்ணன் பக்கத்து இழையில் அடித்துவிட்டிருக்கிறார். நாலு பேர் நன்றி வேறு சொல்லியாச்சு. கொட்டேஷன் கேட்கும் முன் இதைப் படியுங்கள். விதி சொல்லும் 100 வாட் ஈஆர்பி, அதாவது கேபிள் தின்றதும் ஆன்டெனா கூட்டினதும் போக வெளியே போகும் பவர். டிரான்ஸ்மிட்டர் பெட்டி 50 வாட் போதும். இரண்டடுக்கு டைபோல் ஆன்டெனா சுமார் 3 டெசிபெல் கூட்டும், அதாவது பவர் இரட்டிப்பு. 40 மீட்டர் அரை அங்குல ஹீலியாக்ஸ் (இழப்பு குறைந்த கேபிள்) சுமார் 0.9 தின்னும். மீதி 2.1 டெசிபெல், சுமார் 1.6 மடங்கு. ஆக 50 வாட் பெட்டியில் ஈஆர்பி 81 வாட். அதே அமைப்பில் 100 வாட் பெட்டியை முழுசாகத் திறந்தால் 162. அனுமதி மீறல்.

ஒலிபெருக்கி:
விதியில் 100 என்று அச்சடித்திருக்கிறது. 50 என்று எந்த வரியில் இருக்கு? வரியைக் காட்டுங்க, பேசலாம். எல்லாரும் ஹீலியாக்ஸ் வாங்கும் வசதியிலா இருக்காங்க? சாதாரண ஆர்ஜி 213 கேபிள் போட்டால் அதே 40 மீட்டரில் 2.5 டெசிபெல் போயிடும். 50 வாட் பெட்டி 56 வாட்டில் நிக்கும். 100 வாட் பெட்டியைப் பாதியில் ஓட்டினால் சூடு குறைவு, ஆயுசு அதிகம். கணக்குப் போடுறவங்களுக்கு இது தெரியாது.

கம்பத்தடி:
கேபிள் மட்டம் என்றால் கேபிளை மாற்றணும், பெட்டியை இல்லை. கூடுதல் வாட்டில் கிட்டத்தட்ட பாதி அந்தக் கேபிளில் சூடாகத்தான் வீணாகும். யுபிஎஸ்ஸும் பெரிசாக வாங்கணும். பாதியில் ஓட்டுறேன் என்பார்கள். பக்கத்து ஊரில் கேட்கலை என்று ஒரு புகார் வந்தால் போதும், குமிழை யாராவது திருகிவிடுவார்கள். நாலடுக்கு ஆன்டெனா போட்டால் 50 வாட்டிலேயே 162 வந்துவிடும். அப்போது பெட்டியையே 30 வாட்டுக்கு இறக்கணும். 50 போதும். மறுபடியும் சொல்றேன், 50.

நாகை வாசகன்:
ரெண்டு பேரும் வாட்டிலேயே நிக்கிறீங்க. ஆன்டெனா உயரம் தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதிகபட்சம் 30 என்று அதே விதியில்தான் இருக்கு. சமதளத்தில் 15ஐ 30 ஆக்கினால் சுமார் 6 டெசிபெல். வாட்டை நாலு மடங்காக்கினதுக்குச் சமம். பாம்பனில் இருக்கிற 'கடல் ஓசை' சமுதாய வானொலி மாதிரி கடலைப் பார்த்து நிக்கிற நிலையத்துக்கு எதிரே தடையில்லை. தென்னந்தோப்புக்கு நடுவே நிக்கிறவன் கம்பத்துக்குத்தான் காசு போடணும்.

கம்பத்தடி:
உயரம் சரி. ஆனால் கடற்கரையில் முதலில் சாவது கனெக்டர். 'என்' வகை (N-type) கனெக்டரை இறுக்கி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றணும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் மழைத் தண்ணீருக்கு வாய் திறந்து நிற்கும். கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு தொங்கல் விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே நீர் போனால் எஸ்டபிள்யூஆர், அதாவது பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, ஏறும். 3க்கு வந்தால் போகிற பவரில் கால்வாசி திரும்பி வரும், பெட்டி தானே பவரைக் குறைத்துக்கொள்ளும். உடனே "50 வாட் பத்தலை" என்று கூச்சல். மீட்டரைப் பார்க்காமல் 100 வாட்டுக்கு ஆலோசனை சொல்வது அப்படித்தான் பிறக்கிறது, அண்ணே.

ஒலிபெருக்கி:
போன மாசம் இடிதாங்கி இழையிலும் இப்படித்தான் டேப் பாடம் எடுத்துட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினீங்க. 50 என்கிற வரி எங்கே?

தாளாளர்:
வாட் இருக்கட்டும். தொண்டு நிறுவனம் பதிவாகி மூன்று வருஷம் ஆகியிருக்கணும், அதை யாரும் சொல்லலையே? அமைச்சகத்தின் விருப்பக் கடிதம், அலைவரிசை ஒதுக்கீடு, அரசோடு போடும் கோபா (அனுமதி) ஒப்பந்தம் என்று போகணும். ஆன்டெனா இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நடுவில் மாற்றினால் சாக்ஃபா (கம்பம் நிற்கும் இடத்துக்கு ஒப்புதல் தரும் மத்திய அரசுக் குழு) அனுமதிக்கு மறுபடி அலையணும். வருமானத்துக்கும் வழி இருக்கு. 2024இல் விளம்பர நேரம் மணிக்கு 7லிருந்து 12 நிமிஷம் ஆச்சு, அரசு விளம்பரம் 10 விநாடிக்கு 74 ரூபாய். மணிக்கு 5,328!

நாகை வாசகன்:
12 நிமிஷமும் நிரம்பினால்தானே அது. கிராமத்து நிலையத்துக்கு அத்தனை அரசு விளம்பரம் யார் தர்றா? ஒலிபரப்பினதை மூன்று மாசம் பாதுகாக்கணும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒலிப்பதிவு, தினம் 12 மணி நேரம் என்றால் 62 ஜிபி. தனி ஹார்ட் டிஸ்க், கூட ஒரு நகல்.

தாளாளர்:
அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1இல் அண்ணா எஃப்எம் ஆரம்பிச்சு நாட்டுக்கே முன்னோடியாக நிக்கலையா? மனசு இருந்தால் வழி உண்டு.

ஒலிபெருக்கி:
அது வளாக வானொலி. தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல்தான் கதவு திறந்தது. மக்கள் கையில் வந்த முதல் நிலையம் 2008 அக்டோபர் 15இல் தெலங்கானா மாச்னூரில் தலித் பெண்கள் ஆரம்பிச்ச சங்கம் ரேடியோ.

தாளாளர்:
சென்னைக்காரன் செய்தால் கணக்கில் வராதா? அண்ணா எஃப்எம்மைச் சுற்றியிருக்கிற கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பெண்கள் மக்களில்லையா?

கம்பத்தடி:
சங்கம் ரேடியோ ஆரம்பிச்சப்போ தெலங்கானா என்று ஒரு மாநிலமே இல்லை, ஆந்திரா. வரி எண் கேட்கிறவர் இதையாவது சரியாக எழுதலாம். நிலையம் தொடங்கப் போகிறவர்கள் தனிமடலில் வாங்க. கம்பம் நிற்கும் இடம், கேபிள் நீளம், ஆன்டெனா அடுக்கு மூன்றையும் எழுதுங்க, ஈஆர்பி போட்டுத் தர்றேன்.

ஒலிபெருக்கி:
தனிமடலில் எதுக்கு? இங்கேயே போடுங்க, எல்லாரும் பார்க்கட்டும்.