தரவுக்கு ஏற்றுமதி, இறக்குமதி சரியா? (ஞாயிறு இரவுக்குள் தேவை)

ராயபுரம் ஆசிரியர்:
குழுவினருக்கு வணக்கம். மாலை வகுப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் அட்டவணையை எக்செலுக்கும், எக்செல் தாளை ஆக்சஸுக்கும் கொண்டுபோகும் பாடம். எக்ஸ்போர்ட், இம்போர்ட் இரண்டுக்கும் ஏற்றுமதி, இறக்குமதி என்றே எழுதியிருந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மடக்கிவிட்டான். "சார், ஆக்சஸ்ல நின்னு அனுப்புனா ஏற்றுமதி. அதே டேபிளை எக்செல்ல நின்னு கூப்ட்டா இறக்குமதி. போற ரூட்டு ஒண்ணுதானே, இன்னாத்துக்கு ரெண்டு பேரு?" அவன் உட்காருவதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "அப்போ பதிவிறக்கம்னா இன்னா சார்?" நல்ல சொல்லாகத் தாருங்கள்.

பெரம்பூர் ஐயா:
பையன் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறான். இவ்விரு சொல்லிலும் 'மதி' எங்கிருந்து வந்தது? அனுமதி, வெகுமதி என்ற வடசொற்களின் வாலைத் தமிழ் வினையில் ஒட்டவைத்தார்கள் என்பது என் கட்சி. வாலை நறுக்கினால் ஏற்றம், இறக்கம். அதிலும் சிக்கல். பட்டினப்பாலையில் பூம்புகார்த் துறை: 'நீரினின்று நிலத்து ஏற்றவும், நிலத்தினின்று நீர்ப் பரப்பவும்'. கடல்வழி வந்த சரக்கு நிலத்துக்கு ஏறுகிறது! நாம் இறக்குமதி என்பது அங்கே ஏற்றம். அடுத்த அடியிலேயே 'அளந்து அறியாப் பல பண்டம்'. பெருந்தரவுக்கும் (பிக் டேட்டா) பெயர் கிடைத்துவிட்டது. ஆகவே இம்போர்ட் தரவேற்றம், எக்ஸ்போர்ட் தரவுப்பரப்பு.

தண்டையார்பேட்டை அக்கா:
ஐயா, பதிவேற்றம் ஏற்கெனவே அப்லோடுக்குப் போய்விட்டது. பக்கத்தில் தரவேற்றத்தையும் வைத்தால் பிள்ளைகள் எதைத் தட்டுவார்கள்? பரப்பு என்றால் நீளம், அகலம் கேட்பார்கள். நானும் உள்கொணர், வெளிக்கொணர் என்று எழுதிப் பார்த்தேன். ஊழலைத்தான் வெளிக்கொணர்வார்கள். ஏற்றுமதி, இறக்குமதியே இருக்கட்டும். மொழிபெயர்ப்பில் பழகிப்போன சொற்கள்.

வியாசர்பாடி தம்பி:
கப்பலிலிருந்து இறக்கிய மூட்டை அப்புறம் கப்பலில் இருக்காது. ஆக்சஸிலிருந்து அனுப்பிய மூன்று லட்சம் வரியும் ஆக்சஸிலேயே இருக்கும். போவது நகல் மட்டும். அதுவும் முழுசாய்ப் போய்ச் சேர்ந்தால் புண்ணியம். எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு 65,536 வரியோடு கதவைச் சாத்திவிடும். 2007இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரை தாங்கும். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கில் விட்டுப்போனதும் அந்தப் பழைய கோப்பு வகையால்தான்.

போன மாதம் ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக்கி, எக்செலில் அப்படியே திறந்துவிட்டேன். சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044 எல்லாம் 44 ஆகிவிட்டது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்களில் கடைசி இலக்கம் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. நம்பர் இல்லை, டெக்ஸ்ட் என்று அந்த நெடுவரிசைக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தப்போடு சேமித்தும் விட்டேன். நல்லவேளை, மூலம் ஆக்சஸில் பத்திரமாக இருந்தது. இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் சார். சொல்லா? எங்க ஆபீஸ்ல 'உள்ள இழு, வெளிய தள்ளு'. ஒருத்தரும் குழம்பியதில்லை.

தண்டையார்பேட்டை அக்கா:
பொத்தானுக்கு இழு சரி தம்பி. தலைப்புக்குப் பெயர்ச்சொல் வேண்டாமா? தரவிழுப்பு என்று போட்டால்? எங்கள் தெருவில் இழுப்பு என்றால் ஆஸ்துமா.

பெரம்பூர் ஐயா:
தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. தொல்காப்பியம் கிளவியாக்கம் பார்க்க. நிற்கும் இடம் மாறினால் வினை மாறும், பையனுக்கு இதுவே விடை. ஆக, வரவு, செலவு. (தரவு என்பதே கலிப்பாவின் முதல் உறுப்பு. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.)

வியாசர்பாடி தம்பி:
எக்செல் வகுப்பில் வரவு செலவா? பட்ஜெட் போட உட்கார்ந்துவிடுவார்கள் ஐயா.

ராயபுரம் ஆசிரியர்:
மணி பதினொன்றே முக்கால். ஏற்றுமதி, இறக்குமதி என்றே அனுப்பிவிட்டேன். தள்ளு, இழு இரண்டும் அடைப்புக்குறிக்குள். 'நீங்கள் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்தான் கரை' என்று ஒரு வரி சேர்த்தேன். 044 கதைக்கு முழுப் பக்கம். எல்லாருக்கும் நன்றி.

பெரம்பூர் ஐயா:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். 'மதி' பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் இருக்கிறது. நாளை.