மதுரை – சிங்கப்பூர்: போக 6 மணி 40 நிமிடம், திரும்ப 1 மணி 50 நிமிடமா?

திருமங்கலத்து மகள்:
தம்பி மனைவிக்குப் பேறுகாலம். 68 வயதான அம்மா உதவிக்காகத் தனியாகச் சிங்கப்பூர் போகிறார். விமானம் ஏறுவது இதுவே முதல்முறை. மதுரையில் பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்பட்டு இரவு 8.40க்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது அங்கே காலை 11.00க்கு ஏறினால் இங்கே 12.50க்கு இறங்கிவிடலாமாம். ஒரே தூரத்துக்கு எப்படி இரண்டு கணக்கு? பதிவு செய்துகொடுத்தவர், "கணினியில் அப்படித்தான் வருகிறது" என்கிறார். அம்மா காலை 8க்கும் இரவு 8க்கும் இன்சுலின் போடுபவர். எத்தனை மணி நேரம் வானில் இருப்பார் என்று தெரியாமல் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு செய்வது?

மேலூர்க்காரன்:
டிக்கெட் சரிதான் அக்கா. புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே 2.00 என்றால் அங்கே 4.30. அதிலிருந்து 8.40 வரை 4 மணி 10 நிமிடம். திரும்பும் நாளில் அங்கே 11.00 என்பது நமக்கு 8.30, 12.50 வரை 4 மணி 20 நிமிடம்.

பெருங்குடிவாசி:
நேர்கோட்டில் சுமார் 3,000 கி.மீ. வட இலங்கையைத் தாண்டி, வங்கக்கடலைக் கடந்து, சுமத்ராவின் மேலே போகும் கோடு அது. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நான்கைத் தாண்டிவிடும். இன்னொன்று: தீர்க்கரேகைப்படி பார்த்தால் இரண்டு ஊருக்கும் சூரியன் காட்டும் வித்தியாசம் ஒன்றே முக்கால் மணிதான். சிங்கப்பூர் 1982இல் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்துக்கொண்டது. அதனால்தான் அங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் பொழுது சாய்கிறது. அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் விளக்கேற்றும் நேரம் தவறிவிட்டதோ என்று தவித்துப்போவார்.

திருமங்கலத்து மகள்:
அப்படியானால் இறங்கும்போது 8.40 என்று கடிகாரம் காட்டினாலும் அம்மாவின் உடம்புக்கு 6.10தானே? நான் இறங்கியவுடன் ஊசி போடச் சொல்லியிருந்தேன்!

ஓய்வுபெற்ற செவிலியர்:
நல்லவேளை கேட்டீர்கள், தாயே. இரவு ஊசியை இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட்டிருப்பார். மறுநாள் அங்கே காலை 8 என்பது நமக்கு 5.30. அந்த இடைவெளியை எப்படிச் சரிக்கட்டுவது, அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மருத்துவரின் கடிதமும் மருந்துச்சீட்டும் கூடவே இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட நாலைந்து மிட்டாய் வேண்டும்.

திருமங்கலத்து மகள்:
மருத்துவரைப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு நாளுக்கு ஊசி நேரத்தை இந்திய நேரம், சிங்கப்பூர் நேரம் என்று இரண்டு வரிசையாக எழுதிக்கொடுத்தார். அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றாமல் விட்டுவிடுகிறேன். அந்த ஊர் நேரத்தைக் கைப்பேசி காட்டட்டும். தம்பிக்கும் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டேன்.