பேப்பர் திரும்பி வந்துருச்சு, "லோக்கல் விஷயம்"ங்கறாங்க, இங்கிலீஷ் திருத்தினா போதுமா?

பாலக்கோடு_பிஎச்டி:
வணக்கம்ங்க. தர்மபுரி பக்கம் காலேஜ்ல வேலை பாத்துட்டே பார்ட் டைம்ல பிஎச்டி பண்றேன். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் சுத்தி போர் தண்ணி எடுத்து ஃப்ளோரைடு பாக்கறதுதான் தீசிஸ். பேப்பர் எழுதி வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்புனேன், ரிவ்யூவுக்கே போகல, எடிட்டரே திருப்பிட்டாரு. ஒரு ஊரப் பத்தினது எங்க வாசகர்களுக்கு ஆகாது, அப்புறம் இங்கிலீஷ் சரியில்ல, அவ்ளோதான் காரணம். காசு குடுத்து எடிட்டிங் பண்ணிடலாம்ங்கறாரு கைடு. ஃப்ளோரைடு அதிகமாகி நம்மூரு பசங்க பல்லெல்லாம் காவி ஏறிக் கெடக்கறது இவங்களுக்கு லோக்கலாம், கோவம்தான் வருது. எடிட்டிங் பண்ணா போதுமா, இல்ல பேசாம இந்திய ஜர்னலுக்கே போயிடவா?

கிணத்துத்தவளை:
எடிட்டிங்குக்கு இப்ப காசு குடுக்காதீங்க. மொதல்ல சொன்ன காரணம்தான் காரணம். பாக்காமயே சொல்றேன், உங்க இன்ட்ரொடக்‌ஷன் 1965ல சேலத்துல இருந்து தர்மபுரி பிரிஞ்சுது, 2004ல கிருஷ்ணகிரி தனியா போச்சுன்னு ஆரம்பிச்சிருக்கும். கென்யாவுல உக்காந்து படிக்கறவருக்கு அதெல்லாம் எதுக்குங்க, அவருக்கு வேணுங்கறது பாறை. நம்ம காலுக்கு அடியில சார்னோகைட், நைஸ்னு கெட்டிப் பாறை, அதுல இருக்கற பயோடைட், ஹார்ன்ப்ளெண்ட் மாதிரி தாதுல இருந்து ஃப்ளோரைடு தண்ணிக்கு வருது, கால்சியம் நெறைய இருந்தா அதோட சேந்து படிஞ்சுரும், கால்சியம் கொறைஞ்சு சோடியமும் பைகார்பனேட்டும் ஏறிட்டா படிய வழியில்லாம தண்ணியிலயே நின்னுடும். இலங்கையோட உலர் வலயத்துலயும் நம்மள மாதிரியே பழைய கெட்டிப் பாறைதான், அங்கயும் ஃப்ளோரைடு பிரச்சனை இருக்கு. கிழக்கு ஆப்பிரிக்கா பிளவுப் பள்ளத்தாக்குல எரிமலைப் பாறை, ஆனா சோடியம் பைகார்பனேட் கதை அதேதான். அவங்க நம்பரையும் உங்க நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எங்க ஒத்துப்போகுது எங்க ஒதைக்குதுன்னு பாருங்க. ஒதைக்கற எடம்தான் உங்க பேப்பர், அதுதான் டைட்டில்லயும் வரணும், ஊர் பேரு கடைசில வந்தா போதும்.

இன்னொண்ணு, மழைக்கு முன்ன, மழைக்கு அப்புறம்னு மொட்டையா எழுதாதீங்க. டெல்லிக்காரரே ஜூன்ல இருந்து செப்டம்பர்னுதான் நெனைப்பாரு, நம்மளுக்கு அக்டோபர் டிசம்பர் மழையும் இருக்கே. சாம்பிள் எடுத்த மாசத்தப் போடுங்க.

ஓசூர்_லேப்:
மேல அண்ணன் சொன்னது சரிதான், ஆனா இங்கிலீஷ் அப்புறம் பாத்துக்கலாம்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். எடிட்டர் மொதல்ல பாக்கறதே அப்ஸ்ட்ராக்ட்தான், அதுலயே அஞ்சு வரிக்கு ஒரு வாக்கியம் ஓடினா கீழ வேற யாரு படிப்பா. காசெல்லாம் வேணாம், சின்னச் சின்ன வாக்கியமா ஒடைங்க. சாட்ஜிபிடில குடுத்து திருத்தினீங்கன்னா அத பேப்பர்லயே சொல்லிடுங்க, பல பதிப்பகங்க கேக்கறாங்க.

அதவிட மெத்தட்ஸ்ல என்ன இருக்குன்னு சொல்லவே இல்லயே நீங்க? ஃப்ளோரைட அளந்தது எலக்ட்ரோடுலயா, இல்ல நிறம் மாறறத வெச்சு அளக்கற ஸ்பாட்ன்ஸ் முறையா? எலக்ட்ரோடுன்னா அளவு தப்பா காட்டாம இருக்க சேக்கற டைசாப் பஃபர் சேத்தீங்களா? கேட்டயான் (பாசிட்டிவ் அயனி), அனயான் (நெகட்டிவ் அயனி) தனித்தனியா கூட்டி சார்ஜ் பேலன்ஸ் போட்டு, வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்ள நிக்குதான்னு காட்டணும், அது இல்லாம அனுப்பினா தண்ணி ஆளுங்க யாரும் நம்ப மாட்டாங்க. வரம்பும் எது வெச்சு பேசறீங்கன்னு தெளிவா இருக்கணும். உலக சுகாதார அமைப்பு சொல்றது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நம்ம இந்திய தர நிர்ணய அமைப்பு பிஐஎஸ்ல 1.0, வேற தண்ணி கெடைக்கலன்னா மட்டும் 1.5 வரைக்கும். ரெண்டயும் கலந்தா பாதிச்ச ஊரு எண்ணிக்கையே மாறிடும்.

மாங்கா_மண்டி:
நான் கெமிஸ்ட்ரி இல்ல, எக்கனாமிக்ஸ், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் பத்தி எழுதறவன், ஆனா இது எல்லாருக்கும் பொருந்தும். திரும்பி வந்த கோவத்துல இன்பாக்ஸ்ல வர்ற "ஒரு வாரத்துல பப்ளிஷ்" மெயிலுக்குப் போயிடாதீங்க. நல்ல ஜர்னல் எதுன்னு யுஜிசி போட்டுட்டு இருந்த கேர் லிஸ்ட்டையும் 2025ல நிறுத்திட்டாங்க, இனி நாமதான் பாத்துக்கணும். ஜர்னல் ஸ்கோப்பஸ்ங்கற ஆய்வுப் பட்டியல்ல இருக்குன்னு அவங்க சைட்ல போட்டிருக்கறத நம்பாம ஸ்கோப்பஸ்லயே தேடுங்க, அதே பேர்ல போலி சைட்டும் ஓடுது. பெரிய பதிப்பகத்து ஜர்னல் நெறையதுல சந்தா வழியில போட்டா பெரும்பாலும் எழுதறவங்க காசு கட்ட வேண்டியதில்ல, யாரு வேணா இலவசமா படிக்கற ஓப்பன் ஆக்சஸ் டிக் பண்ணாதான் லட்சக்கணக்குல கேப்பாங்க, டிக் பண்றப்ப பாத்து பண்ணுங்க.

இனிஷியல் சமாச்சாரமும் இருக்கு. ஒரு பேப்பர்ல எஸ் முன்னாடி, அடுத்ததுல பின்னாடி, இன்னொண்ணுல அப்பா பேரு முழுசான்னு போட்டா கூகுள் ஸ்காலருக்கு நீங்க மூணு ஆளு. ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஆளுக்கொண்ணா குடுக்கற நம்பர் ஆர்க்கிட் ஐடி (ORCID), இலவசம்தான், இன்னைக்கே எடுத்துடுங்க.

பாலக்கோடு_பிஎச்டி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தவளை அண்ணா, 1965 கரெக்ட்டா பிடிச்சுட்டீங்க 😅 எலக்ட்ரோடுதான், டைசாப் போட்டிருக்கேன், ஆனா பேப்பர்ல எழுதல. கால்சியம், சோடியம், பைகார்பனேட் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், டேபிள்ல போட்டதோட சரி, பேசவே இல்ல. சார்ஜ் பேலன்ஸ் போட்டுப் பாத்துட்டு வரேன். மாவட்ட வரலாறு பாரா கைடு எழுதினது, அத எப்படி வெட்டறதுன்னுதான் தெரியல.

ஓசூர்_லேப்:
வெட்டறேன்னு சொல்லாதீங்க, தீசிஸ்ல ரெண்டாவது சாப்டருக்கு மாத்தறேன்னு சொல்லுங்க, அங்க ஸ்டடி ஏரியா எப்படியும் வேணும்ல.